ஆன்லைன் பியானோ வகுப்பு: சத்தமோ படமோ கோளாறு செய்தால் எங்கிருந்து பார்க்க வேண்டும்

சேலம் அஸ்தம்பட்டியில் வீட்டிலிருந்தபடியே பியானோ சொல்லித் தருகிறேன். பாதிப் பிள்ளைகள் நேரில் வருகிறார்கள், மீதிப் பேர் ஆன்லைனில். ஏற்காட்டிலிருந்து மூன்று பேர் படிக்கிறார்கள். வாரத்துக்கு இரண்டு நாள் அந்த இருபது கொண்டை ஊசி வளைவையும் இறங்கி ஏறி வாருங்கள் என்று சொல்ல எனக்கு மனசு வராது. இளம்பிள்ளை, ஓமலூர், ஆட்டையாம்பட்டி பக்கமிருந்தும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

புதிதாகச் சேரும் வீடுகளில் முதல் மாதம் ஏதாவது ஒரு கோளாறு வந்தே தீரும். பார்த்தால் அதே பத்துப் பன்னிரண்டு கோளாறுதான் வீடு மாற்றி வீடு வரும். ஒவ்வொருவருக்கும் ஃபோனில் சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடமே ஆகிவிட்டது. உங்கள் வீட்டில் எந்த அறிகுறி இருக்கிறதோ அதற்கு நேராகப் போய்ப் படித்துக்கொள்ளலாம். ஆனால் முதலில் சொல்லும் சோதனையை மட்டும் யாரும் விட்டுவிட வேண்டாம்.

எதையும் வாங்கும் முன் முப்பது நொடிப் பதிவு

வகுப்பு அழைப்பில் சேராமல், ஃபோனின் சாதாரண வீடியோ கேமராவைத் திறந்து, வகுப்பில் வைக்கும் அதே இடத்தில் ஃபோனை வையுங்கள். பிள்ளையை இப்படி வாசிக்கச் சொல்லுங்கள்: இடது ஓரத்தில் ஒரு நோட், நடுவில் ஒன்று, வலது ஓரத்தில் ஒன்று. அப்புறம் நடு சி-யை, அதாவது கீபோர்டின் நடுவில் உள்ள சி நோட்டை அழுத்தி, விரலை எடுக்காமல் எட்டு எண்ண வேண்டும். கடைசியாக ஒரே கார்டை, அதாவது சில நோட்டுகளைச் சேர்த்து ஒரே நேரத்தில், மெதுவாக ஒரு முறை, பலமாக ஒரு முறை.

அந்தப் பதிவை வயர் உள்ள இயர்ஃபோனில் கேளுங்கள். பதிவு நன்றாக இருந்தால் உங்கள் கீபோர்டும் சரி, ஃபோனின் மைக்கும் சரி. கோளாறு அழைப்புச் செயலியிலோ இணையத்திலோ இருக்கிறது. பதிவிலேயே கரகரப்பு, இரைச்சல், நோட் அறுந்து போவது எல்லாம் இருந்தால் இணையத்தின் மேல் பழி போட வேண்டாம். கீபோர்டையும் வயரையும் மைக் வைத்த இடத்தையும் பாருங்கள்.

இவ்வளவு சின்னச் சோதனையைச் செய்யாமல் நாலாயிரம் ரூபாய்க்கு மைக் வாங்கிவிட்டு, "அப்பவும் அப்படியேதாங்க மிஸ் இருக்கு" என்று வருத்தப்பட்ட அப்பா ஒருவர் உண்டு. அவர் வீட்டில் கோளாறு மைக்கில் இல்லவே இல்லை. செயலியின் ஒரு செட்டிங்கில் இருந்தது.

"நோட் பாதியிலேயே அறுந்து போகுதாம்"

எல்லாவற்றிலும் அதிகமாக வருவது இதுதான். பிள்ளைகளுக்கு அதிகமாகத் தீங்கு செய்வதும் இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

இளம்பிள்ளையில் ஏழாவது படிக்கும் பெண் ஒருத்தி. வீட்டை ஒட்டியே விசைத்தறி ஓடும். அவளிடம் இரண்டு வகுப்பு முழுக்க, "ரெண்டு எண்ணும் வரைக்கும் விரலை எடுக்காதே கண்ணு" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். "எடுக்கலைங்க மிஸ்" என்றாள். எனக்கு நோட் ஒன்றரை எண்ணிக்கையில் காணாமல் போய்விடும். மூன்றாம் வகுப்பில் அவள் அம்மாவே வந்து, "நான் பக்கத்துலயே உக்காந்து பாக்கறேங்க மிஸ், அவ விரலை எடுக்கவே இல்லைங்க" என்றார். அப்புறம்தான் மேலே சொன்ன பதிவை அனுப்பச் சொன்னேன். பதிவில் ஒவ்வொரு நோட்டும் முழுசாக, கணக்காக இருந்தது. அந்தப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டேன். அன்றிலிருந்து ஆன்லைனில் யாராவது நோட்டைச் சீக்கிரம் விட்டதாகத் தெரிந்தால் பிள்ளையைத் திருத்தும் முன் செயலியைத்தான் பார்க்கிறேன்.

நடப்பது இதுதான். அழைப்புச் செயலிகள் மனிதர் பேசுவதற்காகச் செய்யப்பட்டவை. பேச்சு ஏறும், இறங்கும், நடுநடுவே நிற்கும். மாறாமல் ஒரே சீராக வரும் எந்தச் சத்தத்தையும் ஃபேன், மிக்ஸி, தெருவில் போகும் லாரி என்று நினைத்து செயலி அமுக்கிவிடும். பிடித்து வைத்த பியானோ நோட்டும் அதற்கு அப்படித்தான் தெரியும். அடித்த நொடியை விட்டுவிட்டு, நீளும் வாலை நறுக்கிவிடும். நோட்டை நீட்டும் கால் பெடலை மிதித்து வாசித்தால் நிலைமை இன்னும் மோசம்.

ஜூமில் செட்டிங்ஸ் போய் ஆடியோ பகுதியைத் திறங்கள். ஆடியோ ப்ரொஃபைல் என்ற இடத்தில் 'ஒரிஜினல் சவுண்ட் ஃபார் மியூசிஷியன்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அதன் கீழே 'ஹை ஃபிடெலிட்டி மியூசிக் மோட்' இருக்கும். இணையம் நன்றாக இருந்தால் மட்டும் அதற்கு டிக் போடுங்கள், அது கூடுதல் டேட்டா இழுக்கும். 'எக்கோ கேன்சலேஷன்' என்பதில் உள்ள டிக்கை, பிள்ளை ஹெட்ஃபோன் போட்டிருந்தால் மட்டுமே எடுக்கலாம். இல்லாவிட்டால் என் குரல் உங்கள் ஸ்பீக்கரில் வந்து, உங்கள் மைக்கில் புகுந்து, எனக்கே எதிரொலியாகத் திரும்பி வரும். 'ஸ்டீரியோ' தேவையில்லை.

இதோடு முடியவில்லை. பலர் தவறவிடும் இடம் அடுத்தது. வகுப்புக்குள் வந்ததும் திரையின் மேல் ஓரத்தில் 'ஒரிஜினல் சவுண்ட்' என்று ஒரு பட்டன் தெரியும். அது ஆஃப் என்று இருந்தால் செட்டிங்ஸில் செய்த எதுவும் வேலை செய்யாது. தொட்டு ஆன் செய்ய வேண்டும். ஃபோனிலும் இந்த வசதி உண்டு. முதலில் செயலியின் ஆடியோ செட்டிங்ஸில் அனுமதித்துவிட்டு, வகுப்புக்குள் 'மோர்' என்பதைத் தொட்டுப் பாருங்கள். வகுப்பு தொடங்கியதும் நான் கேட்கும் முதல் கேள்வியே "ஒரிஜினல் சவுண்ட் ஆன்ல இருக்கா கண்ணு?" என்பதுதான்.

கூகுள் மீட்டில் மூன்று புள்ளியைத் தொட்டு, செட்டிங்ஸில் ஆடியோ பகுதியில் இரைச்சல் நீக்கும் வசதி இருந்தால் அணையுங்கள். ஐஃபோன், ஐபேட் வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும்: அழைப்பு ஓடும்போது கண்ட்ரோல் சென்டரைத் திறந்தால் 'மைக் மோட்' என்று இருக்கும். அது 'வாய்ஸ் ஐசொலேஷன்' என்று இருந்தால் பியானோவை விழுங்கிவிடும். 'வைட் ஸ்பெக்ட்ரம்' வையுங்கள். லேப்டாப்பில் செயலியைச் சரிசெய்தும் நோட் அறுந்தால், விண்டோஸ் சவுண்ட் செட்டிங்ஸில் மைக்கைத் தேர்ந்தெடுத்து 'ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ்' என்பதையும் அணையுங்கள்.

இதையெல்லாம் அணைத்ததும் பெற்றோருக்கு ஒரு கூச்சம் வரும். தறிச் சத்தம், குக்கர் விசில், தம்பி அழுவது எல்லாம் எனக்குக் கேட்குமே என்று. கேட்கட்டும். உங்கள் வீட்டுச் சத்தம் முழுக்க வந்தாலும் சரி, பியானோவில் ஒரு நோட் குறையக் கூடாது. தறியின் டடக் டடக்கைத் தாண்டிப் பியானோவைக் கேட்க என் காதுக்குத் தெரியும். செயலி விழுங்கிவிட்ட நோட்டை என்னால் கேட்கவே முடியாது. சத்தம் ரொம்பவே தொந்தரவு என்றால் தறிப் பக்கத்து ஜன்னலை மூடிவிட்டு, ஃபோனைக் கீபோர்டுக்கு இரண்டு அடிக்குள் நகர்த்தினால் போதும்.

"டொக் டொக்குன்னுதான் கேக்குது, பியானோவே கேக்கலை"

கீபோர்டின் ஹெட்ஃபோன் துளையில் ஏதாவது செருகியிருக்கிறதா என்று பாருங்கள். அதில் ஒரு பின் இருந்தாலே பெரும்பாலான கீபோர்டுகளில் ஸ்பீக்கர் தானாக நின்றுவிடும். பிள்ளைக்கு ஹெட்ஃபோனில் அருமையாகக் கேட்கும். ஃபோன் மைக்குக்குக் கீ அடிபடும் மரச்சத்தம் மட்டும் போகும். பின்னை உருவினால் சரியாகிவிடும்.

"பலமா அடிச்சா கரகரன்னு உடையுது"

ஃபோனைக் கீபோர்டின் மேலேயே, ஸ்பீக்கர் துளைக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்திருப்பீர்கள். நோட்டுப் புத்தகம் வைக்கும் தாங்கியில் ஃபோனை வைப்பது எல்லா வீட்டிலும் உள்ள பழக்கம். அங்கே சத்தம் மைக் தாங்கும் அளவைத் தாண்டிவிடும். கூடவே கீ அடிபடும் அதிர்வும் உடம்பு வழியாக ஃபோனுக்கு ஏறும். ஃபோனைத் தனி ஸ்டாண்டில், மூன்று நான்கு அடி தள்ளி வையுங்கள். கீபோர்டின் வால்யூமைப் பாதிக்குக் குறையுங்கள். ஸ்டாண்டு இல்லாவிட்டால் பக்கத்தில் ஒரு ஸ்டூல், அதன் மேல் மடித்த துண்டு, அதன் மேல் ஃபோன். அதிர்வைத் துண்டு வாங்கிக்கொள்ளும்.

மெதுவாக அடித்தாலும் பலமாக அடித்தாலும் ஒரே அளவில் கேட்கிறது என்றால், ஜூமில் மைக் வால்யூமைத் தானாகச் சரிசெய்யும் டிக்கை எடுங்கள். மெதுவாக வாசிக்கும்போது அது சத்தத்தை ஏற்றும், பலமாக வாசிக்கும்போது இறக்கும். பிள்ளை பாடுபட்டுக் கொண்டுவந்த ஏற்ற இறக்கம் எல்லாம் தட்டையாகிவிடும். முப்பது நொடிப் பதிவிலும் அப்படியே தட்டையாக இருந்தால் கீபோர்டில் 'டச் ரெஸ்பான்ஸ்', அதாவது அழுத்தும் பலத்துக்கேற்பச் சத்தம் மாறும் வசதி, அணைந்திருக்கும். அதை ஆன் செய்யுங்கள்.

"கொர்ர்ர்னு ஒரே இரைச்சல்"

கீபோர்டிலிருந்து வயர் போட்டு லேப்டாப்பில் நேரடியாக இணைத்திருக்கும் வீடுகளில் இது வரும். இரைச்சல் கரண்டிலிருந்து வருகிறதா என்று காதாலேயே கண்டுபிடிக்கலாம். நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை அலையும்; அதன் இரைச்சல் 50, 100 ஹெர்ட்ஸில் கேட்கும். 61 கீ உள்ள கீபோர்டில் இடமிருந்து வரும் முதல் ஜி 98 ஹெர்ட்ஸ். அந்த ஜி-யை அழுத்திப் பிடியுங்கள். பின்னால் ஓடும் இரைச்சல் அதே சுருதியில், ஒரு துளி தூக்கலாக இருந்தால் அது கரண்ட் இரைச்சல்தான். பாட்டுக் கற்ற அம்மாக்களுக்கு ஐந்து கட்டைச் சுருதி என்று சொன்னால் உடனே பிடித்துக்கொள்வார்கள்.

லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிவிட்டுக் கேளுங்கள். இரைச்சல் நின்றால், வகுப்பு முடியும்வரை பேட்டரியில் ஓட்டுங்கள்; செலவில்லாத வழி அதுதான். பேட்டரி தாங்காது என்றால் லேப்டாப், கீபோர்டு இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் 'கிரவுண்டு லூப் ஐசொலேட்டர்' என்று ஒரு சின்ன இணைப்பு கடைகளில் கிடைக்கும். ஆடியோ வயருக்கு நடுவில் போட வேண்டும். எர்த் பின்னை உடைத்தோ ஒட்டியோ இரைச்சலை நிறுத்தச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அது உயிரோடு விளையாடுவது. பழைய வீடாக இருந்தால் எர்த் சரியாக இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

கரண்ட் போய் இன்வெர்ட்டர் ஓடும்போது மட்டும் இரைச்சல் என்றால், இன்வெர்ட்டர், லைன் கரண்ட்போலச் சீரான அலை தரும் சைன் வேவ் வகையாக இருக்காது. அந்த நேரத்தில் கீபோர்டைப் பேட்டரி செல்லில் ஓட்டிப் பாருங்கள், அந்த வசதி பல கீபோர்டுகளில் உண்டு.

"வயர் போட்டும் ஃபோன்ல சத்தம் போகலை"

இரண்டு காரணம். முதலாவது, பின். வெறும் ஹெட்ஃபோன் வயரின் நுனியில் இரண்டு கறுப்பு வளையம் இருக்கும். மைக் உள்ள இயர்ஃபோன் பின்னில் மூன்று இருக்கும். ஃபோனுக்குள் சத்தம் போக வேண்டுமென்றால் மூன்று வளையம் உள்ள பின் வேண்டும். ஹெட்ஃபோனுக்கும் மைக்குக்கும் தனித்தனித் துளை பிரியும் வை வடிவ இணைப்பு கேட்டு வாங்குங்கள். கீபோர்டு வயரை மைக் பக்கம் செருக வேண்டும். சேர்த்ததும் கீபோர்டு வால்யூமைக் கால் பங்கிலிருந்து தொடங்குங்கள். முழு வால்யூமில் செருகினால் உடைந்துதான் கேட்கும்.

இரண்டாவது, யூஎஸ்பி. கீபோர்டின் பின்னால் பிரிண்டர் கேபிள் செருகும் சதுரத் துளை இருக்கும். அதன் வழியாகச் சத்தம் போகும் என்று பலர் நினைக்கிறார்கள். நிறையக் கீபோர்டுகளில் அதில் போவது மிடி மட்டும்: எந்தக் கீயை, எவ்வளவு பலமாக, எப்போது அழுத்தினார்கள் என்ற செய்தி. சத்தம் அதில் இல்லை. சில மாடல்களில் சத்தமும் சேர்ந்து போகும். உங்கள் கீபோர்டின் கையேட்டில் 'யூஎஸ்பி ஆடியோ' என்று போட்டிருக்கிறதா பாருங்கள்.

என்னைக் கேட்டால் ஆரம்ப நிலைப் பிள்ளைகளுக்கு வயர் வேலையே வேண்டாம். செட்டிங்ஸ் சரியாக இருந்து, ஃபோன் சரியான இடத்தில் இருந்தால் அதன் மைக்கே போதும்.

"மிஸ் எண்றதுக்கும் இவன் வாசிக்கறதுக்கும் ஒட்டவே மாட்டேங்குது"

இதைச் சரிசெய்ய முடியாது. யாரும் பணம் செலவழிக்க வேண்டாம் என்பதற்காகவே சொல்கிறேன்.

இரண்டு பேர் சேர்ந்து வாசிக்க, ஒருவர் சத்தம் இன்னொருவருக்கு ஏறக்குறைய 0.03 நொடிக்குள் போய்ச் சேர வேண்டும். ஒரு கூடத்தில் பத்து மீட்டர் தள்ளி நிற்பவர் கைதட்டினால் நமக்குக் கேட்க ஆகும் நேரம் அது. வீடியோ அழைப்பில் தாமதம் அதைப்போலப் பல மடங்கு. "ஏற்காடு இங்கிருந்து 30 கிலோமீட்டர்தானே, ஏன் தாமதம்?" என்று கேட்பார்கள். தூரம் காரணமே இல்லை. கண்ணாடி இழைக் கேபிளில் ஒளி நொடிக்கு சுமார் 2,00,000 கிலோமீட்டர் ஓடும். 30 கிலோமீட்டர் ஒரு பொருட்டே இல்லை. சத்தத்தைச் சுருக்குவது, துண்டு துண்டாக அனுப்புவது, அங்கே சேர்த்து விரிப்பது, வை-ஃபையில் காத்திருப்பது என்று வழியெல்லாம் நேரம் போகிறது. எதிர் வீட்டிலிருந்து அழைத்தாலும் இதே கதைதான்.

நாம் குறைக்கக்கூடியது ஒன்று உண்டு: ப்ளூடூத். காதில் ப்ளூடூத் மாட்டினால் அது தன் பங்குக்கு இன்னும் கொஞ்சம் தாமதம் சேர்க்கும். கீபோர்டின் சத்தத்தையே ப்ளூடூத் ஹெட்ஃபோனில் கேட்டுக்கொண்டு வாசிக்கும் பிள்ளை, கீயை அழுத்தியதற்கும் கேட்பதற்கும் நடுவில் உள்ள இடைவெளியில் தாளமே தடுமாறிப்போவான். வயர் உள்ளதை மட்டும் பயன்படுத்துங்கள்.

மற்றபடி நாங்கள் சேர்ந்து வாசிப்பதில்லை. தாளம் தட்டும் மெட்ரோனோம் பிள்ளையின் வீட்டில் ஓடும். நான் வலது கையை மட்டும் வாசித்துப் பதிவு அனுப்புவேன். அதை ஓடவிட்டு அவர்கள் இடது கையைச் சேர்த்து வாசிப்பார்கள். அவர்கள் வாசிக்கும்போது நான் வாயே திறக்க மாட்டேன், ஏனென்றால் நான் "ம்" என்றால்கூட சில செட்டிங்ஸில் அவர்கள் சத்தம் அமுங்கிவிடும். பக்கத்தில் உட்காரும் பெற்றோரும் அப்படியே இருக்க வேண்டும்.

"மிஸ் வாசிக்கற இடது கை கேக்கவே இல்லை"

ஃபோன் ஸ்பீக்கர் சின்னது. நடு சி 262 ஹெர்ட்ஸ், அதற்குக் கீழே போகப் போக அந்த ஸ்பீக்கரால் அடித்தொனியைக் கொடுக்க முடியாது. பியானோவின் இடது ஓரத்தில் உள்ள கடைசி ஏ 27.5 ஹெர்ட்ஸ். வயர் ஹெட்ஃபோன் போட்டால் கேட்கும், அல்லது டிவிக்குப் போடும் சவுண்ட்பாரில் வயர் வழியே இணையுங்கள்.

"கீ…ன்னு காது கிழியுது"

கைகளைக் காட்ட இரண்டாவது ஃபோனையும் வகுப்பில் சேர்த்திருப்பீர்கள். ஒன்றின் ஸ்பீக்கர் சத்தம் இன்னொன்றின் மைக்கில் புகுந்து சுற்றிச் சுற்றி வருகிறது. இரண்டாவது ஃபோனில் மியூட் மட்டும் செய்தால் போதாது, அதன் ஸ்பீக்கரும் நிற்க வேண்டும். சேரும்போதே ஆடியோ இல்லாமல் சேருங்கள்.

"விரல் தெரியலைன்னு சொல்றீங்க, எங்கதான் வைக்கறது?"

எனக்கு வேண்டியது பிள்ளையின் முகமல்ல. முழங்கை, மணிக்கட்டு, பத்து விரல், கீபோர்டின் இரண்டு முனை. நேர் எதிரே வைத்தால் இதில் எதுவும் தெரியாது. பிள்ளையின் வலது தோளுக்குப் பக்கத்தில், தோள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே, கீழ்நோக்கிச் சாய்த்து வைப்பது முதல் இடம். மணிக்கட்டு தொங்குகிறதா என்று அங்கிருந்துதான் தெரியும்.

விரல் எண்கள் தெரிய வேண்டுமென்றால் தலைக்கு மேலிருந்து காட்ட வேண்டும். வளையும் கழுத்துள்ள ஸ்டாண்டை பீரோ விளிம்பில் கவ்வி மாட்டலாம். செவ்வாய்ப்பேட்டையில் ஒரு பழைய வீட்டில், கூடத்தில் ஊஞ்சல் மாட்டும் கொக்கி இருந்தது. அந்த அம்மா ஊஞ்சலைக் கழற்றிவிட்டு, கொக்கியிலிருந்து ஒரு பிவிசி குழாயைத் தொங்கவிட்டு, அதன் நுனியில் ஃபோன் பிடிப்பானைச் சேலைக் கிழிசலால் இறுக்கிக் கட்டியிருந்தார். கீழே கீபோர்டு சரியாக நடுவில். நான் பார்த்ததிலேயே அசையாத, தெளிவான படம் அதுதான். ஃபோனை மேலே கட்டினால் கட்டு இரண்டு முறை சோதிக்கப்பட்டிருக்க வேண்டும், கீழே பிள்ளை உட்காருகிறது.

மேலிருந்து எடுக்கும்போது ஃபோனின் தலைமாடு பிள்ளை பக்கம் இருந்தால் எனக்குக் கீபோர்டு தலைகீழாகத் தெரியும், திருப்பி மாட்டுங்கள். உங்கள் திரையில் இடம் வலமாகத் தெரிவது உங்களுக்கு மட்டும்தான், எனக்கு நேராகத்தான் வரும். அதைச் சரிசெய்ய மெனக்கெட வேண்டாம்.

விரல்கள் புகைபோல இழுபட்டுத் தெரிந்தால் வெளிச்சம் போதவில்லை. இருட்டில் கேமரா ஒவ்வொரு படத்துக்கும் அதிக நேரம் எடுத்துக்கொள்ளும், அதற்குள் விரல் நகர்ந்துவிடும். டியூப்லைட்டுக்கு நேர் கீழே கீபோர்டு இருக்கட்டும், ஜன்னல் முதுகுக்குப் பின்னால் வேண்டாம். படத்தில் பட்டை பட்டையாகக் கோடு ஓடினால் கேமரா செட்டிங்கில் 50, 60 ஹெர்ட்ஸ் என்று ஒரு தேர்வு இருக்கும், நமக்கு 50.

"நடுவுல உறைஞ்சு நின்னுடுது"

நெட் வேகம் பார்க்கும்போது எல்லாரும் டவுன்லோடு எண்ணைச் சொல்வார்கள். பிள்ளை வாசிப்பது என்னிடம் வர வேண்டும், அதனால் அப்லோடு எண்தான் முக்கியம். இருவர் மட்டும் உள்ள ஜூம் அழைப்பில் தெளிவான 720 வீடியோவுக்கு 1.2 எம்பிபிஎஸ் போதும். பெரும்பாலான வீட்டு இணைப்பில் அதைவிடப் பல மடங்கு இருக்கிறது. ஆனால் அது கீபோர்டு இருக்கும் அறைக்கு வந்து சேருவதில்லை. ரௌட்டர் முன் கூடத்தில், கீபோர்டு பின் அறையில், நடுவில் இரண்டு கெட்டிச் சுவரும் ஒரு இரும்பு பீரோவும். இரும்பைத் தாண்டி வை-ஃபை வராது. லேப்டாப் என்றால் ஒரு நீள லேன் கேபிள் வாங்கி இழுத்துவிடுங்கள், அதுபோல நம்பகமானது வேறில்லை. ஃபோன் என்றால் ரௌட்டர் இருக்கும் அறைக்கே கீபோர்டை மாற்றுங்கள். அங்கே 5 கிகாஹெர்ட்ஸ் வை-ஃபையில் சேருங்கள். அது பக்கத்தில் வேகம், சுவர் தாண்டினால் பலவீனம்.

மலை மேல் மொபைல் டேட்டாவில் படிப்பவர்களுக்குச் சொல்வது வேறு. வீட்டுக்குள் எந்த ஜன்னலோரம் சிக்னல் நிற்கிறது என்று வகுப்புக்கு முன்னால் நடந்து பாருங்கள். படம் உறையத் தொடங்கினால் வீடியோவை அணைத்துவிட்டுச் சத்தத்தை மட்டும் விடுங்கள். படமில்லாமல் அரை மணி நேரம் என்னால் நடத்த முடியும்.

சேலத்தில் சித்திரை வெயிலில் நாலு மணி வகுப்பு என்றால் இன்னொரு காரணமும் சேரும்: ஃபோன் சூடாகித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். முன்கூட்டியே சார்ஜ் செய்து, வகுப்பில் சார்ஜரைக் கழற்றி, கவரையும் கழற்றி, ஃபேன் காற்று படும் இடத்தில் வையுங்கள்.

"கீபோர்டே ஏதோ ஆயிடுச்சு"

பெரும்பாலும் ஆகியிருக்காது. நான் சி அடிக்கச் சொன்னால் எனக்கு வேறு நோட் கேட்கிறது என்றால் சுருதியை ஏற்றி இறக்கும் ட்ரான்ஸ்போஸ் மாறியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் அண்ணன் பாடகருக்காக இரண்டு ஏற்றி வாசித்துவிட்டு அப்படியே வைத்திருப்பான். அதைச் சைபருக்குக் கொண்டுவாருங்கள். இடது கை வைத்தால் டிரம்ஸும் பின்னணியும் கிளம்பினால் அக்கம்பனிமென்ட் ஆன் ஆகியிருக்கிறது. எதை அழுத்தினோம் என்றே தெரியாவிட்டால் கையேட்டைப் பார்த்து ஃபேக்டரி ரீசெட்.

பெடல் தலைகீழாக வேலை செய்கிறதா, அதாவது மிதித்தால் சத்தம் நின்று, விட்டால் நீள்கிறதா? கீபோர்டை ஆன் செய்த நேரத்தில் பெடல் மிதிபட்டிருக்கும். ஆஃப் செய்து, பெடல் பின்னைச் சரியாகச் செருகி, காலை எடுத்துவிட்டு ஆன் செய்யுங்கள். அப்போதும் மாறாவிட்டால் பெடலின் அடியில் ஒரு சின்னச் சுவிட்ச் இருக்கலாம், அதைத் தள்ளுங்கள்.

ஆன் ஆகவே இல்லை என்றால் கையில் கிடைத்த வேறு அடாப்டரைச் செருகிப் பார்க்க வேண்டாம். பின் பொருந்தும், வோல்ட் பொருந்தாது. வோல்ட் பொருந்தினாலும் நடுமுனை பிளஸ்ஸா மைனஸா என்பது மாறலாம். கீபோர்டிலும் அடாப்டரிலும் வட்டத்துக்குள் புள்ளி போட்ட சின்னப் படம் இருக்கும், இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். ரௌட்டர் அடாப்டரைச் செருகி உள்ளே போர்டு கருகிய கீபோர்டு ஒன்றை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஏற்காட்டில் மர பியானோ வைத்திருக்கும் ஒரு வீடு உண்டு. மழை மாதங்களில் பனிமூட்டம் வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். மரம் ஈரம் குடித்து ஊதும், கீ அழுந்திய இடத்திலேயே நிற்கும், சுருதியும் நகரும். என் பியானோவோடு ஒட்டவில்லை என்று ஆடியோ செட்டிங்ஸை அரை மணி நேரம் பார்த்தோம். அப்புறம் சுருதி பார்க்கும் ட்யூனர் செயலியில் பார்த்தால் 440 ஹெர்ட்ஸ் இருக்க வேண்டிய ஏ இடம் மாறியிருந்தது. வெளிச்சுவரை ஒட்டியோ ஜன்னலை ஒட்டியோ பியானோ இருந்தால் உள்சுவருக்கு மாற்றுங்கள். சுருதியை மட்டும் நீங்களே முறுக்க வேண்டாம். உள்ளே இருநூறுக்கும் மேல் கம்பிகள், அத்தனையும் பெரும் இழுப்பில் இருக்கின்றன. பியானோ ட்யூன் செய்பவர்தான் வர வேண்டும்.

"இடி இடிக்குது மிஸ்"

இதற்கு ஒரே பதில்: எல்லாவற்றையும் பிடுங்கு. சுவிட்சை அணைத்தால் போதாது, கீபோர்டு அடாப்டர், ரௌட்டர், லேன் கேபிள் மூன்றையும் சாக்கெட்டிலிருந்தே உருவ வேண்டும். மலை மேல் கோடை மழை இடியோடுதான் வரும். அங்கே படிக்கும் பையன் ஒருவனுக்கு இது பழகிவிட்டது. முதல் இடி கேட்டதும் "பிடுங்கிட்டு வரேங்க மிஸ்" என்று போவான். இரண்டு நிமிடத்தில் பேட்டரியில் ஓடும் ஃபோனிலிருந்து, சார்ஜர் இல்லாமல், சாதாரண அழைப்பில் வருவான். மீதி நேரம் நாங்கள் தாளம்தான் தட்டுகிறோம். நான் நான்கு மாத்திரை தட்டிக் காட்டி நிறுத்துவேன், அவன் அதையே திருப்பித் தட்டுவான், பின்னால் மழை கொட்டுவது எனக்கு நன்றாகக் கேட்கும்.